பிளினாட்டுமோமாப் போட்டுக்கொண்டவர்கள் வழி சொல்லுங்கள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். தங்கைக்கு பி-செல் லுக்கேமியா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய். முதல் கட்ட கீமோவுக்குப் பிறகு மைக்ராஸ்கோப்பில் புற்றணு தெரியவில்லை. ஆனால் அதைவிட நுட்பமாகப் புற்றணுவைத் தேடும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையில் 0.1 சதவீதத்துக்கு மேல் மிச்சம் இருக்கிறதாம். அதனால் பிளினாட்டுமோமாப் ஏற்றலாம் என்கிறார் டாக்டர். புற்றணு மேலுள்ள சிடி19 என்ற புரதத்தையும் நம் நோய் எதிர்ப்பு அணுவான டி செல்லையும் பிடித்து, டி செல் புற்றணுவை அழிக்கும்படி அருகருகே கொண்டுவரும் மருந்து. 28 நாள் இரவுபகலாக பம்ப்பில் ஏற வேண்டும், அப்புறம் 14 நாள் இடைவெளி.

முதல் சில நாள் ஆஸ்பத்திரி, சரி. வீட்டுக்கு அனுப்பிய பிறகு மருந்துப் பையை எங்கே மாற்றினீர்கள்? சேலத்திலேயே முடிந்ததா, வேலூரிலோ சென்னையிலோ தங்கினீர்களா? காய்ச்சலோ கைநடுக்கமோ பேச்சுக் குழறலோ வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். ராத்திரி நேரம்தான் பயமாக இருக்கிறது. முதல்வர் காப்பீட்டில் கேட்டுப் பார்த்தவர்களும் சொல்லுங்கள். அடுத்த வாரம் முடிவு சொல்ல வேண்டும்.