புதுப்பிப்பு: விருந்தினராகத் தங்கிவிட்டு வேலைக்குத் திரும்பியது

வெளிநாட்டு நண்பர் வீட்டில் தங்கினால் உபசரிப்புக்கு எப்படி நன்றி காட்டுவது, திரும்பியதும் வேலையில் எப்படி ஒன்றுவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்தவர்களுக்கு நன்றி.

பரிசுப்பொருள் யோசனை எடுபடவில்லை, அன்போடு மறுத்துவிட்டார்கள். பிறகு குடும்பப் படங்களை அச்சிட்டு அனுப்பியதில்தான் அவர்களுக்கு அத்தனை மகிழ்ச்சி.

வேலைக்கு உதவியது, விடுப்பைத் தெரிவிக்கும் தானியங்கி மின்னஞ்சல் பதிலை, வேலைக்குத் திரும்பிய மறுநாள்வரை நீட்டிக்கச் சொன்ன யோசனை. தேங்கிய அஞ்சல்களை நிதானமாகப் பார்க்க முடிந்தது. பாதி விவகாரங்கள் நானில்லாமலேயே தீர்ந்திருந்தன! (சற்று வருத்தம்தான்.)

எதிர்பாராதது தூக்கம். கிழக்கு நோக்கிப் பறந்தால் உடல் கடிகாரம் சீராகக் கூடுதல் நாட்கள் பிடிக்கும். நேர மண்டலம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்பது பொதுக்கணக்கு. அதுவரை முற்பகலில் முக்கியக் கூட்டம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.