உள்பக்க பிரேக் பேட் மட்டும் தேய்கிறது: காலிப்பர் பின்னுக்கு எந்த கிரீஸ்?

உப்புக்காற்று:
வணக்கம். தூத்துக்குடியில் கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு. வண்டி 2014 மாடல் ஹேட்ச்பேக், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். போன வாரம் திருநெல்வேலி போய்விட்டு வந்து நிறுத்தியதும் இடது முன்சக்கரத்தில் தீய்ந்த வாடை. கையைக் கிட்டே கொண்டுபோனாலே அனல் அடித்தது. வலது சக்கரம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.

கழற்றிப் பார்த்தால் உள்பக்க பேட் 2 மி.மீ. கூட இல்லை, வெளிப்பக்கத்தில் 7 மி.மீ. இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் போட்டவை. பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் இரண்டு பின்கள்மேல் நகரும்; அவற்றில் கீழே உள்ளது விரலால் தள்ளினாலே போகிறது. மேலே உள்ளது இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் அசைந்தது. எட்டு மாதத்துக்கு முன் பேட் மாற்றியபோது ஒர்க்‌ஷாப்பில் பின்னுக்கு கிரீஸ் வைத்ததை நானே நின்று பார்த்தேன். டப்பாவிலிருந்து விரலால் வழித்த மஞ்சள் கிரீஸ். அப்படியும் ஏன் இறுகியது? இன்னொன்று, ஒரு பின்னின் முனையில் ரப்பர் இருக்கிறது. அது மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று இப்போது எனக்கே குழப்பம்.

வேகநடை:
இதுக்குப் போய் இவ்வளவு யோசனையா? துரு எடுக்கும் ஸ்பிரே அடித்து மாட்டுங்கள். எனக்கு ஓடுகிறது.

பழைய ஸ்பேனர்:
ஸ்பிரே ஒரு மாதம் ஓடும் தம்பி, அதற்குள் காய்ந்துவிடும். அதை நம்பாதீர்கள்.

காரணம் அந்த மஞ்சள் கிரீஸ்தான். அது பேரிங்குக்கு நல்லது, பின்னுக்கு ஆகாது. பின்னைச் சுற்றியுள்ள பூட் என்கிற ரப்பர் உறையும் முனை ரப்பரும் பிரேக் ஆயிலைத் தாங்கும் ரகம். ஆனால் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் குடித்துக் குடித்து ஊதிவிடும். ஊதிய ரப்பர் ஓட்டைக்குள் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வண்டியில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள் பேடை டிஸ்க்கில் அழுத்தியதும் காலிப்பர் மொத்தமும் பின்மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்து ஒட்ட வேண்டும். அந்தப் பின் இறுகி நகராவிட்டால் உள் பேடே எல்லா வேலையையும் பார்க்கும். காலை எடுத்த பிறகும் உரசிக்கொண்டே இருக்கும். அந்த அனல் அதுதான்.

பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் வாங்குங்கள். டியூபில் ரப்பருக்கு ஆகும் என்று போட்டிருக்க வேண்டும். பூட் இரண்டையும் முனை ரப்பரையும் புதிதாக மாற்றிவிடுங்கள், விலை பெரிதல்ல. பழைய கிரீஸைப் பிரேக் கிளீனர் அடித்து, குச்சியில் பனியன் வேஸ்ட் சுற்றி ஓட்டைக்குள்ளும் விட்டுத் துடையுங்கள். டீசல் வேண்டாம். பின்னில் குழி விழுந்திருந்தால் எமரி போட்டுத் தேய்க்காமல் புதுசு போடுங்கள். மேல்பூச்சு போய்விட்டால் உங்கள் ஊர் காற்றுக்குத் துரு ஓடி வரும்.

கிரீஸ் மெல்லிசாகத் தடவினால் போதும். நம் ஆட்கள் ஓட்டையை ரொப்பிவிடுவார்கள். அப்புறம் உள்ளே காற்று அடைபட்டு, பின்னைத் தள்ளத் தள்ள வெளியே வரும். பின்னைச் செருகும்போது பூட்டின் உதட்டை லேசாகத் தூக்கிக் காற்றை வெளியே விடுங்கள்.

ரப்பர் முனை மேலா கீழா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதனால்தான் இரண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்கக் கூடாது என்பேன். வலது பக்கம் இன்னும் பிரிக்கவில்லையே? அதைப் பார்த்து மாட்டுங்கள். அந்த ஒர்க்‌ஷாப்பே மாற்றிப் போட்டிருக்கக்கூடும் என்று சந்தேகம் வந்தால் சர்வீஸ் மேனுவல்தான் கதி.

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். வண்டியை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்து செட் சுவரில் இடித்தவன் நான்.

உப்புக்காற்று:
நன்றி அண்ணே. ரப்பர் முனை ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. புதுசையும் அதையும் பக்கத்தில் வைத்தபோது ஒரே பொருள் என்றே நம்ப முடியவில்லை. வலது பக்கத்தைப் பார்த்தால் ரப்பர் மேல் பின்னில்தான் இருக்கிறது, மேனுவலிலும் அதேதான். இடதை முடித்துவிட்டு வலதையும் பிரித்தேன். அங்கேயும் மஞ்சள் கிரீஸ், இறுகத் தொடங்கியிருந்தது. புது பேடும் போட்டாயிற்று. நேற்று திருச்செந்தூர் போய்வந்து இரண்டு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தேன், ஒரே சூடு. காலிப்பரைக் கட்டிய கம்பியை மட்டும் அவிழ்க்க மறந்து, சக்கரம் மாட்டும்போதுதான் கண்ணில் பட்டது.