உதவி: 'போர்டு' என்று வரும் இடமெல்லாம் 'பலகை' போட்டுவிட்டேன், எப்படிச் சரிசெய்வது?

தமிழ்த்தறி:

வணக்கம். பாய்மரக் கப்பல் காலத்து ஆங்கில நாட்குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரிய சொற்கள் எதுவும் என்னை நிறுத்தவில்லை. 'போர்டு' என்ற சின்னச் சொல்தான் நிறுத்திவிட்டது. முதல் வரைவில் அது வந்த இடமெல்லாம் 'பலகை' என்று எழுதிக்கொண்டே போனேன். இப்போது திரும்பப் படித்தால் பல வாக்கியங்களுக்குப் பொருளே இல்லை.

இந்த நான்கு இடங்களில்தான் முக்கியமான சிக்கல்:

1. சம்பளத்தோடு 'ரூம் அண்ட் போர்டு' கிடைத்தது என்கிறார். 'அறையும் பலகையும்' என்று எழுதியிருக்கிறேன். படுக்கப் பலகை கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.
2. 'தி போர்டு' கூடி, கப்பலை விற்க முடிவெடுத்தது.
3. கணக்கெல்லாம் 'அபவ் போர்டு' என்று ஒருவரைப் பாராட்டுகிறார்.
4. புயல் இரவில் பாய்மரம் 'வென்ட் பை தி போர்டு'. பாய்மரம் பலகை ஓரமாக எங்கே போகும்?

அகராதியைத் திறந்தால் பக்கம் நிறையப் பொருள்கள். எந்த இடத்துக்கு எதை எடுப்பது என்று கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா? ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா?

மெய்ப்புநோக்கி:

மனப்பாடம் வேண்டாம். உங்கள் முதல் மூன்று இடங்களிலும் இருப்பது ஒரே பொருள்தான்: சாப்பாட்டு மேசை.

பழைய ஆங்கிலத்தில் 'போர்டு' என்பது பலகை. கால்கள் மீது பலகையைக் கிடத்தினால் அதுவே மேசை. அதனால் மேசைக்கும் அதே பெயர் நின்றது. அப்புறம் மேசைமேல் வைக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பெயர் போனது. 'ரூம் அண்ட் போர்டு' என்றால் தங்க இடமும் சாப்பாடும். தங்கும் விடுதிகளில் 'ஃபுல் போர்டு' என்று போட்டிருந்தால் மூன்று வேளைச் சாப்பாடும் வாடகையில் அடக்கம். 'ஹாஃப் போர்டு' என்றால் காலை உணவும் இன்னொரு வேளையும், பெரும்பாலும் இரவு உணவு. பலகைக்கு அங்கே வேலையே இல்லை.

அதே மேசையைச் சுற்றிச் சாப்பிடாமல் முடிவெடுக்க உட்கார்ந்தவர்களுக்கும் அந்தப் பெயர் வந்தது. உங்கள் இரண்டாம் வாக்கியம் அதுதான். இடத்துக்கேற்ப 'குழு', 'வாரியம்', 'இயக்குநர் குழு' என்று எழுதலாம். கப்பலின் உரிமையாளர்கள் என்றால் 'இயக்குநர் குழு' சரியாக இருக்கும். அரசு அமைப்பு என்றால் மட்டும் 'வாரியம்'. இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தனியார் நிறுவனத்துக்கு 'வாரியம்' என்று போட்டால் வாசகர் மனதில் வேறு கட்டடம் எழுந்துவிடும்.

மூன்றாவது சீட்டாட்டத்திலிருந்து வந்தது. ஆடுபவரின் கை மேசைக்கு மேலே எல்லோர் கண்ணிலும் பட்டால் திருட்டுத்தனம் இல்லை. 'ஒளிவுமறைவில்லாமல்' என்று எழுதுங்கள். 'மேசைக்கு மேலே' என்று எழுத ஆசை வரும், எனக்கும் வந்தது. தமிழில் அப்படி ஒரு வழக்கு இல்லையே.

பிரித்தறிய நான் பார்ப்பது, முன்னால் 'எ' அல்லது 'தி' இருக்கிறதா என்பதை. இரண்டும் இல்லை, பன்மையும் ஆகவில்லை, பக்கத்தில் தங்குமிடம் பற்றிய பேச்சு இருக்கிறது என்றால் அது சாப்பாடு. 'தி' வந்து, அது முடிவெடுக்கிறது, மறுக்கிறது, நியமிக்கிறது என்றால் மனிதர்கள் கூடிய குழு. 'ஆன்' என்பதோடு ஒட்டி 'தி' இல்லாமல் வந்தால் கப்பலிலோ விமானத்திலோ ரயிலிலோ இருப்பது. 'ஆன் தி போர்டு' என்று 'தி' நுழைந்துவிட்டால் குழு உறுப்பினர், அல்லது கரும்பலகையில் எழுதியிருப்பது.

ஈயப்பற்று:

மின்னணுப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். மதர்போர்டு, சர்க்யூட் போர்டு எல்லாம் பலகைப் பொருளின் வழித்தோன்றல்கள். மின்சுற்றுப் பழகுபவர்கள் வைத்திருக்கும் பிரெட்போர்டு, பெயருக்கேற்ப ரொட்டி வெட்டும் மரப்பலகையாகவே ஒரு காலத்தில் இருந்தது. ஆணியடித்து, கம்பி சுற்றி, அதன்மேல் சுற்று அமைத்தார்கள். இன்று பிளாஸ்டிக்கில் துளை போட்டு வருகிறது, பெயர் மாறவில்லை. இவற்றுக்குப் 'பலகை' தாராளமாகப் பொருந்தும்.

தமிழ்த்தறி:

இருவருக்கும் நன்றி. முதல் மூன்றும் தீர்ந்தன. ஆனால் அந்த விதியை வைத்து மற்றப் பக்கங்களைப் பார்த்தபோது இரண்டு இடத்தில் மறுபடி முட்டிக்கொண்டேன்.

நான்காம் வாக்கியத்தில் 'தி' இருக்கிறது. ஆனால் குழுவும் இல்லை, கரும்பலகையும் இல்லை, நடுக்கடல். இன்னொரு பக்கத்தில் காவலுக்கு நின்றவன் 'போர்டர்ஸ்!' என்று கத்துகிறான், உடனே எல்லோரும் வாளை எடுக்கிறார்கள். 'போர்டர்' என்றால் பணம் கட்டித் தங்கிச் சாப்பிடுபவர் என்று அகராதி சொல்கிறது. சாப்பிட வந்தவர்களுக்கு எதற்கு வாள்? எல்லையைக் குறிக்கும் 'பார்டர்' என்பதைத் தவறாக எழுதிவிட்டாரா?

சுக்கான்:

எழுத்துப் பிழை இல்லை, நாட்குறிப்பு சரியாகவே இருக்கிறது. இதில் மேசையை மறந்துவிடுங்கள்.

'போர்டு' என்பதற்குக் கப்பலின் பக்கம், அதாவது விளிம்பு என்று இன்னொரு பழைய பொருள் உண்டு. எல்லையைக் குறிக்கும் 'பார்டர்' இதற்குத்தான் உறவு, மேசைக்கு இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே விளிம்பும் பலகையும் ஒரே வடிவத்தில் கலந்துவிட்டதால்தான் இவ்வளவு குழப்பம். கப்பலின் பக்கங்கள் பலகையால் ஆனவை என்பதால் அன்றைய மாலுமிக்கு அது குழப்பமாகத் தோன்றியிருக்காது.

'ஆன் போர்டு' என்றால் அந்த விளிம்புக்கு உள்ளே, 'ஓவர்போர்டு' என்றால் விளிம்பைத் தாண்டிக் கடலில். பாய்மரம் முறிந்து கப்பலின் பக்கவாட்டில் சாய்ந்து கடலுக்குள் போனால் 'பை தி போர்டு' போயிற்று என்பார்கள். இது கொடுமையான காட்சி. முறிந்த மரம் கயிறுகளோடு தொங்கிக்கொண்டு கப்பலின் விலாவில் மோதும். மாலுமிகள் கோடரியால் கயிறுகளை வெட்டிவிட ஓடுவார்கள். அதனால் சுருக்கமாக 'விழுந்தது' என்று முடிக்காமல், கப்பலின் பக்கத்தைத் தாண்டிக் கடலில் விழுந்ததைச் சொல்லுங்கள். இன்றைய ஆங்கிலத்தில் ஒரு திட்டம் 'பை தி போர்டு' போயிற்று என்றால் அது கைவிடப்பட்டது என்று பொருள். அங்கே கடலைக் கொண்டுவர வேண்டாம்.

'போர்டர்ஸ்' என்பவர்கள் எதிரிக் கப்பலிலிருந்து இந்த விளிம்பின் மேல் ஏறிக் குதிப்பவர்கள். வாள் எடுத்ததில் வியப்பில்லை.

இதே நாட்குறிப்பில் 'ஸ்டார்போர்டு' நிச்சயம் வரும். விண்மீனோடு அதற்குத் தொடர்பு இல்லை. கப்பலைத் திருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்ததால் அது 'திருப்பும் பக்கம்'. 'வலப்பக்கம்' என்று எழுதினால் போதும், ஆனால் முன்னோக்கி நிற்பவரின் வலம் என்பதை முதல் தடவை மட்டும் சொல்லிவிடுங்கள். இடப்பக்கத்துக்கு 'லார்போர்டு' என்று இருந்தது. புயல் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோல் காதில் விழும். 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை 'லார்போர்டு' என்பதைக் கைவிட்டு 'போர்ட்' (துறைமுகத்தைக் குறிக்கும் சொல், 'போர்டு' அல்ல) என்று சொல்லும்படி ஆணையிட்டது. உங்கள் நாட்குறிப்பில் எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள். தேதி இல்லாத பக்கங்கள் இருந்தால் அது ஒரு சின்னத் தடயம், உறுதியான சான்று இல்லை. பழக்கம் ஆணையோடு மாறிவிடாது.

மெய்ப்புநோக்கி:

சுக்கான் சொன்னது சரி. நான் 'ஆன் போர்டு' என்பதை விதியாகச் சொன்னேனே தவிர, அதற்குள் இருக்கும் விளிம்பைச் சொல்லவில்லை. என் விதி உங்களைத் தவறான பக்கம் தள்ளிவிட்டது, மன்னிக்கவும்.

இதை வைத்துப் பார்த்தால் 'போர்டிங்' என்ற ஒரே சொல்லும் இரண்டாகப் பிரிகிறது. 'போர்டிங் ஸ்கூல்' மேசையிலிருந்து வந்தது, தங்கிச் சாப்பிட்டுப் படிக்கும் பள்ளி. 'போர்டிங் பாஸ்' கப்பல் விளிம்பிலிருந்து வந்தது, ஏறுவதற்கான சீட்டு. அலுவலகங்களில் புதிதாகச் சேர்ந்தவருக்கு நடத்தும் 'ஆன்போர்டிங்' கப்பல் வகையே. எனவே முதலில் 'தி' பார்க்காதீர்கள், வினையைப் பாருங்கள். யாராவது ஏறினால், இறங்கினால், விழுந்தால் விளிம்பு. உட்கார்ந்தால், சாப்பிட்டால், தீர்மானித்தால் மேசை. ஆணியடித்தால், எழுதினால், மேலே நின்றால் பலகை. அப்புறமும் சந்தேகம் இருந்தால் 'தி' பார்க்கலாம்.

தமிழ்த்தறி:

இப்போது எல்லாம் பொருந்துகிறது. மாற்றியவற்றை இங்கே வைக்கிறேன், தவறு இருந்தால் சொல்லுங்கள்.

'சம்பளம் போகத் தங்குமிடமும் சாப்பாடும் தந்தார்கள்.'
'இயக்குநர் குழு கூடிக் கப்பலை விற்றுவிட முடிவு செய்தது.'
'அவர் கணக்கில் ஒளிவுமறைவு இருந்ததில்லை.'
'நள்ளிரவுக்குப் பின் பாய்மரம் முறிந்து, கப்பலின் பக்கத்தைத் தாண்டிக் கடலில் சாய்ந்தது.'
'"ஏறுகிறார்கள்!" என்று காவலுக்கு நின்றவன் கத்தினான்.'

கடைசி வாக்கியத்தில் பெயர்ச்சொல்லையே எடுத்துவிட்டு வினையாக்கினேன். 'எதிரிகள்' என்று சேர்த்துப் பார்த்தேன், கத்துகிற ஆளுக்கு அவ்வளவு நேரம் இருக்காது என்று விட்டுவிட்டேன்.

சுக்கான்:

'ஏறுகிறார்கள்' அருமை, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் 'சாய்ந்தது' என்பதை மட்டும் 'விழுந்தது' ஆக்கலாம். சாய்ந்த மரத்தை நிமிர்த்தலாம் என்று வாசகர் நினைப்பார், இது திரும்பி வராத மரம்.

தமிழ்த்தறி:

மாற்றிவிட்டேன். 'லார்போர்டு' மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றும் தேதியில்லாத பக்கங்கள். அந்தத் தாள்களைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.