ரத்தப் பரிசோதனை நன்றாக இருந்தது, கால்கள்தான் எழவில்லை

மாற்றுச் சிறுநீரகத்துடன் ஏழாம் ஆண்டில் இருப்பவர்:

அக்கா கொடுத்த சிறுநீரகம் எனக்குள் ஏழு ஆண்டுகளாக நன்றாக இயங்கி வருகிறது. ஆனால் இரண்டாம் ஆண்டின் முடிவில் எனக்கு நேர்ந்த ஒன்றை நான் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. அதே நிலையில் இருப்பவர்கள் தங்களைத் தாங்களே குறைத்து மதிப்பிட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக இப்போது எழுதுகிறேன்.

ஒருநாள் இரவு மாத்திரை வேளையில், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க எடுக்கும் டாக்ரோலிமஸ் கேப்சூல் ஒன்று கைதவறிக் கட்டிலுக்கு அடியில் உருண்டது. குந்தி உட்கார்ந்து அதை எடுத்துவிட்டேன், எழத்தான் முடியவில்லை. வலியோ தலைசுற்றலோ மூச்சிரைப்போ எதுவும் இல்லை. எழ வேண்டும் என்று நினைக்கிறேன், தொடைகள் அசைய மறுக்கின்றன. கடைசியில் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, கட்டிலின் சட்டத்தைப் பிடித்து, உடம்பை இழுத்து மேலே போட்டுக்கொண்டேன். கேப்சூல் உள்ளங்கை வியர்வையில் பிசுபிசுத்துப் போயிருந்தது. அப்போது எனக்கு வயது 41.

அந்த வாரம் வந்த ரத்தப் பரிசோதனை முடிவில், சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறும் கிரியேட்டினின் 0.8 தான் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடையும் ஒன்பது கிலோ கூடியிருந்ததால், பார்த்தவர்கள் எல்லாம் உடம்பு தேறிவிட்டது என்றார்கள். ஆனால் என் கால்சட்டை வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தது. இடுப்பில் பொத்தானைப் போட முடியவில்லை, தொடையிலோ துணி தொளதொளவென்று தொங்கியது. கூடியது கொழுப்பு, கரைந்தது தசை என்பது அந்த ஒரே துணியில் தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.

கண்டுபிடித்தவர் என் சிறுநீரக மருத்துவர். வழக்கமான சந்திப்பு முடிந்து நான் நாற்காலியின் இரு கைகளையும் அழுத்தி எழுந்ததைக் கவனித்து, "எவ்வளவு நாளாக இப்படி எழுகிறீர்கள்?" என்று கேட்டார். பிறகு கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். எனக்கு 21 வினாடிகள் ஆயின. 2019 இல் வெளியான ஐரோப்பிய வரையறையின்படி 15 வினாடிகளுக்கு மேல் ஆனாலும், அதே ஆண்டின் ஆசிய வரையறையின்படி 12 வினாடிகள் ஆனாலே கூட, அது கவனிக்க வேண்டிய பலவீனம். கைப்பிடி வலிமையை அளக்கும் கருவி 22 கிலோ காட்டியது. ஆசிய வரையறையில் ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழும் பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழும் இருந்தால் வலிமை குறைவு என்று பொருள். தசை அளவும் வலிமையும் சேர்ந்து குறையும் இந்த நிலைக்கு சார்கோபீனியா என்று பெயர். முதுமைக்கு உரியது என்று சொல்லப்படும் இது நாற்பது வயதிலேயே எங்களைப் போன்றவர்களைப் பிடித்துக்கொள்கிறது.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என்னை உலுக்கியது. கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்தால் அது உற்பத்தியாவதே குறையும். அதாவது நாங்கள் கொண்டாடிய 0.8 இல் சிறுநீரகத்தின் உழைப்பும் இருந்தது, என் தொடைகளின் தேய்மானமும் இருந்தது.

காரணம் ஒன்றல்ல. டயாலிசிஸில் இருந்த மூன்று ஆண்டுகளில், ரத்தத்தில் அமிலம் கூடியதாலும் பசியின்மையாலும் படுக்கையே கதி என்று கிடந்ததாலும் பாதித் தசையை முன்பே இழந்திருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அதன் மேல், நிராகரிப்பைத் தடுக்க எடுக்கும் ஸ்டீராய்டு சேர்ந்தது. பிரெட்னிசோலோன் என்னும் அந்த ஸ்டீராய்டு தசைப் புரதம் சிதைவதைக் கூட்டுகிறது, புதிதாக உருவாவதைக் குறைக்கிறது. இவற்றோடு என் அச்சமும் சேர்ந்துகொண்டது. புதிய சிறுநீரகத்தை முதுகுப் பக்கத்தில் வைப்பதில்லை, அடிவயிற்றில் இடுப்பெலும்பை ஒட்டி வைக்கிறார்கள். தொட்டால் தெரியும் இடத்தில் இருப்பதால், குனிந்தால் நசுங்கிவிடும், எடை தூக்கினால் பிய்ந்துவிடும் என்று நானும் வீட்டாரும் நடுங்கினோம். தையல் ஆறும் வரை சில வாரங்களுக்குக் கனமானதைத் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தத் தடை எந்த நாளோடு முடிகிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சில வாரத் தடையை இரண்டு ஆண்டுகள் சுமந்தேன்.


கணவருக்குச் சிறுநீரகம் மாற்றியவர்:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கணவரை நான் சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன். புதுச் சிறுநீரகம் கிடைத்தும் நாற்காலியை விட்டு எழ மனமில்லையே என்று மகன் முன்னாலேயே கடிந்துகொண்டிருக்கிறேன்.

இறுக்கமான பாட்டில் மூடியை அவரால் திறக்க முடிந்தது. மேல் அலமாரியில் ஒரு போர்வையை வைக்கத்தான் முடியவில்லை. கையில் வலு இருக்கும்போது தோளில் எப்படி இல்லாமல் போகும் என்று எனக்குப் புரியவில்லை. ஸ்டீராய்டால் வரும் தசைத் தளர்ச்சி முதலில் இடுப்பு, தொடை, தோள் ஆகிய உடலின் நடுப்பகுதியை ஒட்டிய தசைகளைத்தான் தாக்கும் என்றும், விரல்களுக்கு அது எட்டப் பெரும்பாலும் வெகுகாலம் ஆகும் என்றும் பிறகுதான் தெரிந்தது. சி.கே. என்னும் தசை நொதிப் பரிசோதனையும் சரியாகவே வந்தது. அதைப் பார்த்துத் தசையில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். இந்த வகைத் தளர்ச்சியில் அந்த அளவு பெரும்பாலும் கூடுவதில்லை என்பதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ஓர் ஆண்டு வீணாகியிருக்காது.

அடுத்து நாங்கள் செய்த தவறு இன்னும் பெரியது. ஸ்டீராய்டுதான் காரணம் என்று எங்கோ படித்துவிட்டு, அவர் எனக்கும் தெரியாமல் அந்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார். சில நாள்களிலேயே வாந்தி தொடங்கியது, ரத்த அழுத்தம் இறங்கியது, அவசரப் பிரிவில் சேர்த்தோம். ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும் என்றும், மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அது சுரக்க வேண்டிய கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன் உடலுக்குக் கிடைக்காது என்றும் அங்கே விளக்கினார்கள். சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் ஆபத்து வேறு. அவர் பிழைத்தார், சிறுநீரகமும் தப்பியது. தயவுசெய்து அளவைக் குறைப்பதா, மாற்றுவதா என்பதை மருத்துவரிடம் விடுங்கள். பலவீனத்தைப் பற்றி வாய்விட்டுச் சொல்வது மட்டும் உங்கள் வேலை.


சிறுநீரகம் மாற்றி ஒன்றரை ஆண்டான பெண்:

எல்லாப் பலவீனத்துக்கும் ஸ்டீராய்டே காரணம் என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காக என்னுடையதையும் சொல்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் மாதத்தில் படிக்கட்டில் நான்கு படி ஏறுவதற்குள் கால்கள் துவண்டன. சோதித்தபோது ரத்தத்தில் பாஸ்பேட் மிகக் குறைவாக இருந்தது.

இதில் எனக்கு ஏற்பட்ட குழப்பம் டயாலிசிஸ் செய்தவர்களுக்குப் புரியும். ஆறு ஆண்டுகளாக, ரத்தத்தில் பாஸ்பேட்டாக இருக்கும் பாஸ்பரஸ் என்றாலே எதிரி. அதிகமாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் மாத்திரை விழுங்கினேன், எத்தனையோ உணவுகளைத் தொடாமல் இருந்தேன். புதிய சிறுநீரகம் வந்த பிறகும் பழைய நாள்களில் பெருத்துப்போன, கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பி உடனே அடங்காது. அது சுரக்கும் ஹார்மோனின் பிடியில் புதிய சிறுநீரகம் பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நானோ பழைய பத்தியத்தையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். உணவியல் நிபுணர் என் உணவுக் குறிப்பேட்டைப் பார்த்து, முன்பு விலக்கியவற்றையே இப்போது உண்ண வேண்டும் என்றபோது நான் நம்பவில்லை, மருத்துவரிடம் இருமுறை உறுதி செய்துகொண்டேன். பாஸ்பேட்டும் வைட்டமின் டியும் சரியான சில வாரங்களில் கால்கள் திரும்பின.

டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள் மெக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அந்த மருந்து அதைக் குறைக்கக்கூடும். நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரின் எடுப்பவர்கள் கொழுப்புக் குறைப்பு மாத்திரையோ கௌட் என்னும் மூட்டு நோய்க்கான கோல்ச்சிசினோ தொடங்குவதற்கு முன் கட்டாயம் கேளுங்கள். இவை சேரும்போது தசையே சிதையும் ஆபத்து உண்டு. தசைவலியோடு சிறுநீர் பழுப்பாக இறங்கினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.


மாற்றுச் சிறுநீரகத்துடன் ஏழாம் ஆண்டில் இருப்பவர்:

அம்மா, உங்கள் கணவரிடம் மன்னிப்புக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேட்காவிட்டாலும் அவருக்குப் புரிந்திருக்கும். நானே என்னைச் சோம்பேறி என்றுதான் நினைத்தேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் செய்தது ஒன்றே ஒன்றுதான். நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி உயரத்தைக் கூட்டி, அதிலிருந்து கை ஊன்றாமல் எழச் சொன்னார். எழுந்தேன். ஆறு வாரத்தில் ஒரு தலையணை போனது, மூன்றாம் மாதத்தில் இரண்டாவதும் போனது. பிறகு ரப்பர் பட்டை, அதற்குப் பிறகு சிறிய எடைகள் என்று வாரத்தில் மூன்று நாள்கள் செய்தேன். நடைப்பயிற்சி மட்டும் போதும் என்று நம்பியிருந்தேன். நடப்பது இதயத்துக்கு நல்லது, ஆனால் தொடைத் தசை வளர அதற்கு எதிராக ஒரு சுமை வேண்டும். எவ்வளவு புரதம் என்பதை உணவியல் நிபுணர் என் எடையையும் சிறுநீரகத்தின் திறனையும் பார்த்துக் கணக்கிட்டார். அது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் என் கணக்கை இங்கே எழுதவில்லை.

பயிற்சி சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இன்னும் அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கான உலக விளையாட்டுப் போட்டிகள் 1978 இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் தொடங்கி இன்றும் நடக்கின்றன. வயிற்றில் அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்க்கச் சொல்வார்கள், அது நியாயமானது.

எட்டாம் மாதத்தில் ஐந்து முறை எழ எனக்கு 13 வினாடிகள் ஆயின. அதே மாதம் கிரியேட்டினின் 1.1 ஆனது. அன்று இரவு நான் தூங்கவில்லை. அக்கா தன் உடம்பிலிருந்து கொடுத்ததை என் தொடைக்காகக் கெடுத்துவிட்டேனோ என்று விடியும் வரை மறுகினேன். காலையில் மருத்துவர் முதலில் கேட்டது, புரதப் பொடியோ கிரியேட்டின் பொடியோ எடுத்தேனா என்பது. இல்லை. டாக்ரோலிமஸ் அளவு சரியாக இருந்தது. சிறுநீரில் புரதம் ஒழுகவில்லை, ஸ்கேனிலும் குறை இல்லை. சிறுநீரகத்தின் திறனைக் காட்டும், ஆனால் தசையை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்னும் ரத்தப் பரிசோதனையைச் செய்தபோது, அது பயிற்சிக்கு முன் எடுத்த அளவிலேயே நின்றது. ஸ்டீராய்டின் அளவு மாறினால் அதுவும் மாறக்கூடும் என்பதால், எனக்கு அளவு மாறவில்லை என்பதையும் சரிபார்த்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுத்தோம், அப்போதும் 1.1 தான். தசை கூடியதால் வந்த உயர்வு என்று அதற்குப் பிறகே ஏற்றுக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் கிரியேட்டினின் உயர்வுக்குத் தசையைக் காரணம் காட்டி வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உயர்ந்தால் முதலில் நிராகரிப்பு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், மற்றவை பிறகு.


கணவருக்குச் சிறுநீரகம் மாற்றியவர்:

ஐயா, நேற்று மாலை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வந்து, இன்று காலை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். இரண்டு தலையணைகள் வைத்தும் அவருக்கு 27 வினாடிகள் ஆயின, ஐந்தாவது முறை தொடையில் கை ஊன்றிவிட்டார். மகன்தான் கைப்பேசியில் நேரம் பார்த்தான். தேதி போட்டு நாள்காட்டியில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த மாதம் இதே தேதியில் அளந்து சொல்கிறேன்.