அஸ்கார்காரர் கோப்பிக் கடை: அங்கே உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

ரம்புத்தான் மரத்தடி:
பேராக், சுங்கை சிப்புட் ஆட்களுக்கு எந்தக் கடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்துச் செம்மண் பாதை வந்து முடியும் முனையில், அஸ்காரில் (பட்டாளத்தில்) இருந்துவிட்டு வந்தவர் நடத்திய பலகைக் கடைதான். அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது என்று போன வாரம்தான் கேள்விப்பட்டேன். அதனால் எழுதுகிறேன்.

1996 தீபாவளிக்கு முந்தின வாரம். எனக்குப் பத்து வயது. கடைக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் இரண்டு மேசை போட்டிருப்பார், ஞாபகம் இருக்கும். அடுப்படியிலிருந்து அங்கே போகும் வழியில், முட்டிக்குக் கீழே, ராஃபியா கயிற்றைக் குறுக்கே கட்டி இரண்டு காலிப் பால் டின்னைத் தொங்கவிட்டேன். என் கூட்டாளி ஓடிவந்து தடுக்கி விழுவான் என்று கணக்கு. வந்தது அவர். கையில் தட்டு, தட்டில் ஆறு கிளாஸ் கோப்பி.

கயிறு காலில் பட்டது. டின் ஒருமுறை கிணுங்கியது. அவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கால் தரையில், இன்னொரு கால் கயிற்றை ஒட்டி அந்தரத்தில். "ஜாங்கான் கெராக்!" (அசையாதே!) என்று ஒரு சத்தம். எங்களிடம் அவர் மலாயில் பேசியதே கிடையாது. மரத்தடியில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. தட்டு மெல்லச் சாய்ந்தது. கிளாஸ் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து உடைந்தது. கொதிக்கிற கோப்பி கால்சட்டையில் வழிந்து ஆவி பறக்கிறது, மனிதர் காலை இறக்கவில்லை.

கடையம்மாதான் வந்தார். குனிந்தார், டின் ஆடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார், இன்னொரு கையால் முடிச்சை அவிழ்த்தார். "ராஃபியாங்க. வெறும் ராஃபியா." அவ்வளவுதான் சொன்னார். இதெல்லாம் அவருக்குப் பழக்கம் போலிருந்தது.

காலை இறக்கிய பிறகு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "கட்டினது யாரு?" அதற்குள் நான் தண்டவாளம் வரை ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அங்கே கோப்பி குடித்திருக்கிறேன். சொல்லவே இல்லை.

பத்தாம் லயம்:
கயிறு கதை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவருடைய 555 நோட்டு, கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு.

அப்பா விடியற்காலை ரப்பர் பால் வெட்டப் போகும் முன் அங்கே ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடித்துவிட்டுத்தான் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் இடத்துக்கு, போவார். சம்பளம் போட்ட அன்று கணக்குத் தீர்ப்பார். ஒரு மாதம் சம்பளத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பா தவறிவிட்டார். இவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். அப்பா கால்மாட்டில் விறைப்பாக நின்றார். பிறகு நேராக அம்மாவிடம் போய், "அண்ணன் கணக்கு பதினாலு வெள்ளி இருபது காசு" என்றார். ஊரே கேட்கிறது.

மாமா கையை ஓங்கிக்கொண்டு போனார். அம்மா தடுத்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார், அந்த இருபது காசு உட்பட. அவர் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். தாளைக் கிழித்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை மடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தார். அதோடுதான் அப்பாவை எடுத்தார்கள்.

எனக்கு இன்னும் கோபம்தான். அம்மாவுக்கு அன்றைக்கும் கோபம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. கேட்டால் "உனக்கு விளங்காது" என்பார்.

மளிகைக்கடைக்காரர் மகன்:
அக்கா, உங்கள் கோபம் நியாயமானது. இதில் விளங்குவதற்கு என்ன இருக்கிறது? என் அப்பாவும் இதே ஊரில்தான் கடை வைத்திருந்தார், எங்கள் வீட்டிலும் 555 நோட்டு அடுக்கடுக்காக இருந்தது. சாவு வீட்டில் கணக்கு என்ற வார்த்தையையே எடுக்க மாட்டார். பதினாறு முடியட்டும் என்பார். பாதிப் பேர் பதினாறு முடிந்ததும் தோட்டத்தை விட்டே போய்விடுவார்கள், அது வேறு கதை.

அந்த ஆளை யாரும் தட்டிக் கேட்காததற்குக் காரணம் பயம். சோமாலியாவின் மொகடிஷுவில் அமெரிக்கர்களைக் காப்பாற்றப் போன கூட்டத்தில் இவரும் இருந்தார் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சை வைத்தே காலத்தை ஓட்டினார். கோப்பி நன்றாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

பெரியப்பாவின் பிள்ளை:
மொகடிஷு கதையை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. அது 1993 அக்டோபர். கோண்டோர் கவச வண்டிகளோடு போனது மலாய் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாளம். மற்ற பிரிவு ஆட்களும் சேர்ந்து போனார்கள்தான். ஆனால் இவர் 1987லேயே அஸ்காரை விட்டு வந்தவர். அந்த அக்டோபரில் எனக்கு இவர் கையால் கோப்பி ஊற்றிக் கொடுத்திருக்கிறார், போதுமா?

என் பெரியப்பாவும் இவரும் ரெஞ்சர் பட்டாளத்தில் ஒரே செக்‌ஷன். தாய்லாந்து எல்லைக் காட்டில் இருந்தார்கள். கம்யூனிஸ்டுகளோடு ஹாட்யாயில் ஒப்பந்தம் ஆனது 1989 டிசம்பர் 2ஆம் தேதி, அதுவரை அந்தக் காட்டில் சண்டை இருந்தது. அங்கே துப்பாக்கியைவிட ஜெரங்காப் சமாருக்குத்தான், அதாவது மறைத்துவைத்த வெடிப்பொறிக்குத்தான், எல்லோருக்கும் பயம். புல்லுக்கு நடுவே கம்பி இழுத்திருக்கும், கால் பட்டால் முடிந்தது. கயிறு கட்டிய தம்பிக்கு இது விளங்கும் என்று நினைக்கிறேன். என் பெரியப்பாவுக்கு முட்டிக்குக் கீழே ஒரு கால் அங்கேயே போய்விட்டது.

நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு அஸ்கார் என்றாலே ஒரு மாதிரிதான். 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டது நம்ம வட்டாரத் தோட்டங்களில். இரண்டே நாளில் நாடு முழுக்க அவசரகாலம். எங்கள் பாட்டி கடைசி வரை பச்சை அஸ்கார் லோரியைப் பார்த்தால் கதவைச் சாத்துவார். அந்த ஊரில் வந்து ஒருவர் பட்டாளத்துப் பெல்ட்டோடு கோப்பி ஆற்றினால் எப்படி இருக்கும்?

சரி, நான் சொல்ல வந்தது. ஒரு மழை நாள் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு பேருக்கும் பல வருடம் கழித்து முதல் சந்திப்பு. கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். வாசலிலேயே சீனி அதிகமா குறைவா என்று சண்டை. பெரியப்பா ஈரமான பொய்க்காலைக் கழற்றி நாற்காலியில் சாய்த்தார். இவர் ஒன்றும் பேசாமல் அதை எடுத்துப்போய், மேசைத் துணியால் சேற்றைத் துடைத்து, கோப்பி அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்தார். அப்புறம் போங்குஸ் (பார்சல்) வாங்க வந்த சீனப் பெண் அடுப்போரம் ஒற்றைக் கால் நிற்பதைப் பார்த்து வாளியைக் கீழே போட்டார். இவர்கள் இருவரும் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

தொழில் முனைவோர் நண்பன்:
எல்லோருக்கும் வணக்கம். கதைகள் அருமை. ஆனால் முக்கியமான விஷயத்தை யாரும் தொடவில்லை. அவர் 1987ல் வந்தார் என்றால் எத்தனை வருட சர்வீஸ்? 21 வருடம் முடித்தால்தான் அஸ்காருக்கு பென்ஷன். பத்து, பதின்மூன்று வருடத்தில் வெளியே வருகிறவர்களுக்குக் கிடையாது. இதை நம் பையன்கள் சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே வரும் முன்பே பெர்ஹெபாட்டில் (முன்னாள் படைவீரர்களுக்கான கழகம்) தொழில் பயிற்சி கேட்க வேண்டும். சுங்கை பூலோவில் இருக்கிறது. சமையல், பேக்கரி, வண்டி பழுது பார்ப்பது என்று பல வகை உண்டு. வெட்டரன் விவகார இலாகாவில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பென்ஷன் இல்லாதவர்களுக்கும் அங்கே சில உதவிகள் உண்டு, ஆனால் நீங்கள் போய்க் கேட்டால்தான் உண்டு.

கோப்பிக் கடை போடுகிறவர்கள் கவனிக்க. எஸ்.எஸ்.எம்.மில் (கம்பெனி, வியாபாரம் பதியும் ஆணையம்) சொந்தப் பெயரில் பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைக்கு வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஊராட்சி மன்ற லைசென்ஸ் தனி. கடையில் கை வைக்கிற ஒவ்வொருவரும் உணவு கையாளும் வகுப்புக்குப் போயிருக்க வேண்டும், தைபோய்ட் ஊசி போட்டிருக்க வேண்டும். ஊசி மூன்று வருடத்துக்குத்தான், மறந்துவிடாதீர்கள். முதல் வேண்டுமா, தொழில் கடன் தரும் அரசு நிறுவனமான தெகுனில் இந்தியர்களுக்கென்றே ஸ்பூமி கடன் இருக்கிறது. வீட்டு நகையை அடகு வைக்கும் முன் அங்கே போய்க் கேளுங்கள். 555 நோட்டை விட்டொழியுங்கள். கடன் கொடுத்த கடை எதுவும் உருப்படாது. கியூ.ஆர். ஒட்டுங்கள், தினமும் கணக்கு எழுதுங்கள். அவருக்கு பென்ஷன் இல்லையென்றால் இப்போதுகூட உதவிக்கு மனு போடலாம், நான் மனுப் படிவம் அனுப்புகிறேன்.

என் அனுபவம்: ஒருமுறை அந்தக் கடையில் குடித்தேன். சூடு பத்தவில்லை.

பத்தாம் லயம்:
அண்ணே, அவர் இறந்து ஐந்து வருடம் ஆச்சு. முதல் வரியிலேயே இருக்கிறது.

பழைய லோரி:
சூடு பத்தவில்லையாம்! அவர் கிளாஸைக் கொதி தண்ணியில் முக்கி எடுத்துத்தான் ஊற்றுவார். விரல் சுடும்.

ரம்புத்தான் மரத்தடித் தம்பிக்கு ஒரு திருத்தம். ஆறு கிளாஸ் இல்லை, நாலு. அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது நாங்கள், செம்பனை லோரிக்காரர்கள் நாலு பேர். மூன்று கோப்பி ஓ, எனக்கு மட்டும் கோப்பி சி, டின் பால் ஊற்றினது. முதலில் சிரித்ததும் நான்தான், அதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. நீ ஓடினது யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பள்ளிக்கூட நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, ஒரு காலில் சிலிப்பர் இல்லை. "கட்டினது யாரு" என்று அவர் கேட்டது உன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான்.

கடைப்பையன்:
நான் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு 1998லிருந்து இரண்டு வருடம் அங்கே வேலை செய்தேன். முதல் மாதம் கோப்பி ஆற்றவே விடவில்லை. கோப்பித் தூள், சீனியும் மார்ஜரினும் போட்டுக் கறுக்க வறுத்தது, ஈப்போவிலிருந்து மூட்டையில் வரும். துணி சாக்கில் தூளைப் போட்டுத் தண்ணி ஊற்றி, ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு இரண்டு தடவை வடிக்க வேண்டும். மூன்றாம் தடவை வடித்தால் கசக்கும். அவருக்கு மூன்றாம் தடவை வடித்த கோப்பி வாசனையிலேயே தெரியும், அடுப்பிலிருந்து பத்தடி தள்ளி நின்றாலும். கொட்டச் சொல்வார். கொட்டின தூளுக்குச் சம்பளத்தில் பிடிப்பார். ஆமாம், கறார்தான். மளிகைக்கடைக்காரர் மகன் சொன்னதில் அந்தப் பாதி உண்மை.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். முடிந்த 555 நோட்டுகளை ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருப்பார். வருடக் கடைசியில் ஒவ்வொரு பக்கமாகப் பார்ப்பார். எல்லாவற்றிலும் கோடு விழுந்திருந்தால் அந்த நோட்டை அடுப்பில் போடச் சொல்வார். நான் இருந்த இரண்டு வருடமும் 1996 நோட்டு ஒன்றை மட்டும் திருப்பி டின்னிலேயே போட்டார்.

ஒருநாள் அவர் இல்லாத நேரம் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் கோடு இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. பேர் எழுத வேண்டிய இடத்தில் "கயிறு" என்று இருந்தது. கீழே "கிளாஸ் 4. வெள்ளி 4.80".

யார் அது என்று கேட்டேன். "போய்ச் சாக்கைக் கழுவு" என்றார். "சோப்பு போடாதே."