அப்டேட்: பிரேக் ஆயில் ஒழுகல் ஒருவழியா நின்னுடுச்சு

போன வாரம் பழைய காரோட முன் இடது வீல்கிட்ட பிரேக் ஆயில் கசியுது, பெடல் அமுங்கி உள்ள போகுதுன்னு கேட்டிருந்தேன்ல, பாதி பேர் வீல் சிலிண்டர்னு (வீல்ல பிரேக்கை அழுத்துற பாகம்) சொன்னீங்க, ஆனா வீலுக்கு ஆயில் கொண்டுபோற ரப்பர் ஹோஸ்தான். கழட்டி வளைச்சுப் பார்த்தா இரும்பு முனைகிட்ட ரப்பர்ல நகம் நுழையுற அளவு பிளவு. புது ஹோஸ் போட்டும் சொட்டுச்சு, அப்புறம்தான் உறைச்சுது, ஹோஸ் இணைப்புல கசியாம அடைக்கிற பழைய காப்பர் வாஷரையே திருப்பி மாட்டியிருக்கேன், சோம்பேறித்தனம். புதுசு போட்டதும் இப்ப காஞ்சு கிடக்கு. டாட் 4 பிரேக் ஆயில் ஊத்தி, ஆயில் டப்பாவுக்குத் தூரமா இருக்கிற வீல்லேர்ந்து ஆரம்பிச்சு லைன்ல மாட்டின ஏர் எடுத்தேன், பெடல் கல்லு மாதிரி நிக்குது. சிந்தினதை உடனே தண்ணி ஊத்திக் கழுவலை, உள்ளங்கை அளவு பெயின்ட் உரிஞ்சு போச்சு, அதுக்குத் தனியா அழணும். அதே வயசு ஹோஸ் வலது பக்கமும் இருக்கு, அதையும் மாத்திட்டுதான் ரோட்டுல இறக்குவேன்.