தோட்டப் பாதைக்கு சிமெண்ட் போடத்தான் வேண்டுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பை ஒட்டிய பொது நிலத்தில் நாட்டு மரங்கள், மூலிகைகள், பட்டாம்பூச்சிகளை ஈர்க்கும் செடிகள் கொண்ட ஒரு தோட்டத்தைத் தன்னார்வலர்களாகப் பராமரித்து வருகிறோம். சக்கர நாற்காலியில் வருவோரும் பார்வையற்றோரும் பிறர் துணையின்றிச் சுற்றி வர வேண்டும் என்பதற்காக, கிராவல் மண்ணை இறுக்கி 1.5 மீட்டர் அகலத்தில் பாதை அமைத்தோம். வடகிழக்குப் பருவமழையில் அதன் ஓரங்கள் அரித்துவிட்டன. நனைந்த சருகு வழுக்குகிறது. நெருஞ்சி முள் குத்திச் சக்கரங்களில் காற்று இறங்கிவிடுகிறது. முழுவதும் சிமெண்ட் போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். மண்ணின் இயல்பு கெட்டுவிடுமே என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வாயிலிலும் சரிவான இடத்திலும் மட்டும் சொரசொரப்பான கல் பதித்தால் போதும் என்பது என் கருத்து. சரிவு 1:12-க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. அதாவது ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளமாவது வேண்டும். மற்ற இடங்களில் பாதையின் இருபுறமும் கல் வரிசை வைத்து, தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கமாக வடியும்படி மிக இலேசான சாய்வு கொடுத்து, வடியும் பக்கத்தில் வெட்டிவேர் நட்டால் அரிப்பு பெருமளவு குறையும். சருகைக் கொளுத்தாமல் பாத்திகளில் மூடாக்காகப் பரப்புங்கள். நெருஞ்சியை மஞ்சள் பூ விடும்போதே, காய் பிடிப்பதற்கு முன், ஈர மண்ணில் வேரோடு பிடுங்க வேண்டும். உதிர்ந்த விதைகள் சில ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒரு பருவத்தோடு இந்த வேலையை நிறுத்திவிடாதீர்கள்.

மறுமொழி 2:
நான் சக்கர நாற்காலி பயன்படுத்துபவன். பாதை நன்றாக அமைந்த இடங்களில்கூட, குறுக்கே கிடக்கும் ரப்பர் குழாயும், நடுவில் விட்டுச் சென்ற மண்வெட்டியும், இருசக்கர வாகனங்களைத் தடுக்க வாயிலில் நெருக்கமாக நட்ட கம்பங்களும் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கம்பங்களுக்கிடையே 90 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். இன்னொரு வேண்டுகோள்: எங்களைப் பார்வையாளர்களாக மட்டும் எண்ணாதீர்கள். முழங்கால் உள்ளே நுழையும்படி அடியில் இடம் விட்டு, ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு நாற்றங்கால் மேடை அமைத்துக் கொடுத்தால், விதை போடுவதும் நாற்றுப் பிரிப்பதும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

மறுமொழி 3:
பார்வையற்றோருக்காகத் துளசி, கற்பூரவல்லி, மருக்கொழுந்து ஆகியவற்றைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கலாம். கிலுகிலுப்பையையும் அவசியம் நடுங்கள். முற்றிய காயை அசைத்தால் உள்ளே விதைகள் உருண்டு ஒலிப்பதைக் குழந்தைகள் மீண்டும் மீண்டும் கேட்பார்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து; ஆயினும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுக்களுக்கு எருக்கிலையே உணவு என்பதால், அதை அகற்றாமல் பாதையிலிருந்து தள்ளி உள்ளே வளர்க்கலாம். அரளி வேண்டாம். தலை உயரத்தில் நீளும் கிளைகளை வெண்கோல் உணர்த்தாது. தரையிலிருந்து 2 மீட்டருக்கு மேல்வரை கவாத்து செய்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முதலில் வாயில் கம்பங்களை மாற்றிவிடுகிறோம். மறுமொழி 2 எழுதிய ஐயா, மேடையின் அளவை முடிவு செய்யும்போது தாங்கள் நேரில் வந்து உட்கார்ந்து பார்த்துச் சொல்ல இயலுமா?